இரண்டு மண்டல விரதம்

"பேர் என்ன?" என்று கேட்டார் டாக்டர் இராமகிருஷ்ணன்.

குழந்தைவேலு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். போர்ட் பிளேரில் ஒருவன் தும்மினால் அவன் குடியிருக்கும் ஜங்லிகாட்டில் நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். வந்த விஷயமோ தும்மல் இல்லை. யாருமே சந்தேகப்பட முடியாத ஆள் யார் என்று அவசரமாக யோசித்தான்.

"ராஜமாணிக்கம். பி.டபிள்யூ.டி. ஸ்டோர்."

ராஜமாணிக்கம் அவனுடைய ஹெட் கிளார்க். வழுக்கைத் தலை, நெற்றி நிறைய விபூதி, வெள்ளிக்கிழமை பஜனைக்கு அவர்தான் தலைவர்.

"எப்போ நடந்தது?"

"பத்து நாளாச்சு சார். குழந்தை பிறந்திருக்கு, பார்க்கலாம்னு மெயின்லேண்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது மெட்ராஸ்ல கப்பல் நாலு நாள் லேட். லாட்ஜ்ல..."

"யார் அந்தப் பொண்ணு?"

"பேர்கூடத் தெரியாது சார்."

சொல்லும்போதே கூசியது. மகளை முதன்முதலாகக் கையில் வாங்கிய அதே வாரம்! கப்பல் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் யோக்கியனாகவே ஊர் வந்து சேர்ந்திருப்பேன் என்று கப்பல் கம்பெனியைத் திட்டிப் பார்த்தான். மனம் ஆறவில்லை.

"நிரோத் உறை போட்டீங்களா?"

"இல்லை."

"புண், நீர்க்கடுப்பு ஏதாவது?"

"இல்லை சார்."

"அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இப்போ ரத்தம் எடுத்தா தெரியாது. ஆறு வாரம் கழிச்சு வாங்க. ரத்தம் கப்பல்ல மெட்ராஸ் போயி ரிசல்ட் வரணும். அதுவரைக்கும் பொண்டாட்டி பக்கம் போகக் கூடாது."

அவன் மனைவி நீலாவதி அடுத்த கப்பலில் வருகிறாள்.

கப்பல் வந்த அன்று குழந்தைவேலு ருத்ராட்ச மாலையும் பச்சை வேட்டியுமாக துறைமுகத்தில் நின்றான்.

"என்னங்க இது?"

"முருகனுக்கு மாலை போட்டிருக்கேன். ஒரு மண்டலம். நான் முன் ரூம்ல படுத்துக்கறேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பான். "நம்ம பாப்பாவுக்காகவா?" என்று கேட்டுவிட்டுக் கண் கலங்கினாள். மறுநாளே மீனை விட்டாள். வாசலுக்கே மீன் வருகிற ஜங்லிகாட்டில், பிள்ளை பெற்ற உடம்போடு, மீனை விட்டாள்!

"நீ சாப்பிடு நீலா. பால் ஊற வேண்டாமா?"

"உங்களுக்கு இல்லாத மீன் எனக்கு எதுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு ரசம் சோற்றைப் பிசைந்தான்.

செய்தி ஆபீசுக்கு எட்டியது. ராஜமாணிக்கம் பஜனைக் கோஷ்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஆர்மோனியம் ஓய்ந்ததும் அவர் குழந்தைவேலுவின் காலில் விழுந்தார்.

"ஐயோ, எழுந்திருங்க சார்!"

"விடுங்க சாமி. உங்க ஒழுக்கம் எல்லாருக்கும் வருமா?" அவர் குரல் தழுதழுத்தது. குழந்தைவேலுவுக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. தீவில் எங்கே ஓடுவது?

ஆறு வாரம் முடிந்ததும் ரத்தம் கொடுத்தான். மண்டலமும் முடிந்தது, ரிசல்ட் வரவில்லை. புயலில் கப்பல் நின்றுவிட்டதாம்.

"இன்னொரு மண்டலம் இருக்கலாம்னு பார்க்கிறேன்" என்றான்.

நீலாவதி வெகுநேரம் குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"என் மேல ஏதாவது வெறுப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு அவன் செத்திருக்கலாம். எல்லாவற்றையும் கொட்டிவிட வாயைத் திறந்தான். "அதெல்லாம் இல்லை" என்பதுதான் வெளியே வந்தது.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. டாக்டர் பாராடாங் தீவு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் மிக்கேல்தான் இருந்தார். ஊருக்குப் புதியவர், தூத்துக்குடிப் பக்கத்து ஆள்.

"டீக் ஹை, ராஜமாணிக்கம் சார்! உங்க ரத்தத்துல ஒண்ணுமே இல்ல."

குழந்தைவேலு பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல அழுதான். நீலாவதியிடம் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தான். கண்ணைத் துடைத்து எழுவதற்குள், வியாதிதான் இல்லையே, எதற்காகச் சொல்ல வேண்டும் என்று அந்த முடிவை மாற்றிக்கொண்டான். போகும் வழியில் நல்ல மீனாக ஒன்று வாங்கிப் போனால் போதும்.

படி இறங்கியவனை மிக்கேல் கூப்பிட்டார்.

"சார், உங்க ஆபீஸ்ல குழந்தைவேலுன்னு ஒருத்தர் இருக்காருல்லா, வழுக்கைத் தலை, நெத்தி நிறைய விபூதி? போன கப்பல்லயே அவருக்கு வியாதி உண்டுன்னு ரிசல்ட் வந்துட்டு, ஊசி போட வராம டிமிக்கி குடுக்காரு. அதான் இன்னைக்குக் காலைல ஜங்லிகாட்டுக்குப் போயி, அவரு வீட்டம்மா கையிலயே சீட்டைக் குடுத்து விவரமாச் சொல்லிட்டு வந்துட்டேன்!"