பூவார் யேசுவடியான், ஐ.டி.ஐ.

சேசு, மரி, சூசை

திருப்புறம்,
17-2-1994

மஸ்கட்டில் இருக்கும் என் அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணனுக்கு, தங்கை பெர்த்தா எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் ஜிஜியும் உங்கள் மச்சானும் இங்கே சுகம். நீங்களும் அங்கே சுகமாக இருக்கத் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி உங்களுக்கென்று தனியாக உருட்டுகிறேன். மதினியை ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய சேலையைத்தான் உடுத்தியிருந்தார்கள். நிறம் எடுப்பாக இருக்கிறது. ஜாக்கெட் வேறு யாரோ தைத்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

விசா தாள் போன வாரம் தபாலில் வந்து சேர்ந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே எஞ்சின் வேலைக்கு மட்டும்தான் ஆள் வேண்டும், ஓர் அறையில் எட்டுப் பேர் படுப்பார்கள், கதை பாட்டு என்று உங்கள் மச்சான் வாயைத் திறந்தால் மற்ற ஏழு பேரும் சேர்ந்து பாயோடு தூக்கி வெளியே வைப்பார்கள், ஆகவே கதாபிரசங்கத்தை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் வாய்ச்சொல் வாங்கிக்கொண்டு எழுது என்றும் சொல்லியிருந்தீர்கள். வாங்கிவிட்டேன் அண்ணா. எப்படி வாங்கினேன், வாங்கிய பிறகு என்ன ஆயிற்று என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். ஒரு கட்டன் சாயா போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் மச்சானின் இரண்டு வேலைகளும் உங்களுக்குத் தெரிந்தவைதான். காலையில் பூவார்க் கரையில் ஓலைக் கொட்டகைக்குள் உட்கார்ந்து மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் பழுது பார்ப்பார். திருவிழாக் காலம் வந்தால் மேடையேறி, பின்னால் சுயம்பு ஹார்மோனியம் வாசிக்க, கதையும் பாட்டுமாக இரண்டரை மணி நேரம் நின்று கதாபிரசங்கம் செய்வார். நெய்யாற்றங்கரைப் பக்கம் என்றால் மலையாளத்தில், களியக்காவிளை தாண்டினால் தமிழில், பாறசாலையில் இரண்டும் கலந்து. இரண்டு வேலையில் எது முக்கியம் என்று கேட்டால், எதற்கு இப்போது நேரமாகிவிட்டதோ அதுதான் என்று சொல்லிக்கொண்டே சட்டையைத் தேடுவார். எஞ்சின் வேலைக்கும் பாட்டு உண்டு. எதை முதலில் மாட்டுவது, எதைப் பிறகு மாட்டுவது என்பதையெல்லாம் அவர் பாட்டாகக் கட்டி வைத்திருக்கிறார். புரொப்பெல்லர் மாட்டுகிற பாட்டு ஒரு கல்யாணம்.

எண்ணெய் தேய்ச்சு வந்து நில்லு மாப்பிள்ளையே,
சுத்திச் சுத்தி ஆடி வாடி பொண்ணு நீயே,
வட்டத் தட்டு ஏந்தி நில்லு மச்சினியே,
முறுக்கிக் கட்டு, விட்டுடாதே மாமனாரே,
வாசல் பூட்டி வளைஞ்சு நில்லு சின்னவளே.

மாப்பிள்ளை என்பது தண்டு, பெண் புரொப்பெல்லர், மச்சினி வாஷர், மாமனார் நட்டு. சின்னவள் என்பது கொண்டை ஊசி அளவுள்ள ஒரு பின். நட்டு கழன்று போகாமல் குறுக்கே நிற்பவள் அவள்தான். ஒன்பது வருடமாக இந்தக் கல்யாணத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே புரொப்பெல்லர் மாட்டத் தெரியும். அவர் வீட்டில் பாடிப் பழகும்போது என் தையல் மெஷினும் தானாகத் தாளத்துக்கு ஓடும். பாட்டு வேகமெடுத்தால் என் காலும் வேகமெடுக்கும். அப்படி இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்த ஜாக்கெட்டுகள் இந்த ஊரில் மூன்று நடமாடுகின்றன. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பொறுக்க முடியாமல் போனது ஆரியங்கோட்டுத் திருவிழாவில். அங்கே போன வருடம் கதை சொல்ல வந்தவருக்குப் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, படித்த படிப்பைப் போடாவிட்டால் கமிட்டிக்காரர்களுக்கு நோட்டீஸ் நிறைந்ததாகத் தோன்றாது. இந்த வருடம் அச்சகத்துக்குப் போன சுயம்பு, கமிட்டிச் செயலாளரிடம், "நமக்க அண்ணனுக்கும் படிப்பு உண்டு. ஐ.டி.ஐ. ஆக்கும். அதைப் போடாம விட்டா மரியாதக் கொறவுல்லா" என்று சொல்லியிருக்கிறான். அச்சகத்தில் இருந்த பெரிய எழுத்துகள் எல்லாவற்றையும் அந்த வரிக்கே செலவழித்து, பூவார் யேசுவடியான், ஐ.டி.ஐ. (டீசல் மெக்கானிக்), மாலை நான்கு மணி முதல், என்று அடித்துவிட்டார்கள். கதாபிரசங்கம் என்ற சொல் அதற்குக் கீழே எறும்பு அளவில் இருந்தது.

அண்ணா, இது மாசி மாதம். ஆரியங்கோட்டில் கிணறெல்லாம் அடி தெரிகிறது. அங்கே பம்புசெட் கெட்டால் அதைத் தூக்கிக்கொண்டு காட்டாக்கடைக்குப் போக வேண்டும். இந்த நேரத்தில் நோட்டீஸைப் பார்த்தவர்கள், கமிட்டிக்காரர்கள் நல்ல காரியம் செய்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்பார்கள். நானும் ஜிஜியும் கூடப் போயிருந்தோம். அவ்வளவு கூட்டத்தை நான் எந்த மேடைக்கு முன்னாலும் பார்த்ததில்லை. உங்கள் மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேடையில் ஏறிக் கும்பிட்டு நிமிர்ந்து பார்த்த பிறகுதான், முன்வரிசையில் குழந்தைகள் இருக்க வேண்டிய இடத்தில் பதினொரு பம்புசெட்டுகள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவற்றுக்குப் பின்னால் ஒரு ஆட்டோரிக்ஷா.

விஜயம்மா என்று ஒரு அம்மாள், வெற்றிலைக் கொடி போட்டிருப்பவர்கள், ஜீப்பில் மோட்டரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் எழுந்து நின்று, "நோட்டீசுல அடிச்சிருக்குல்லா, மெக்கானிக்குன்னு. எனக்க மோட்டரு மூணு நாளா தண்ணி எடுக்கல்ல. கொடியெல்லாம் வாடியாச்சு. நீங்க அதைப் பாத்துட்டுப் பாடுங்க" என்றார்கள்.

உங்கள் மச்சான் மைக்கில் பொறுமையாகச் சொன்னார். "கதை முடியட்டு மக்களே. பொறவு ஒண்ணொண்ணா பாக்கேன். அதுவர ஆரும் மோட்டரத் தொடப்படாது."

கதை அவரே எழுதியது. கடலுக்குப் போன கணவன் திரும்பி வராமல், மரியநேசம் என்கிற பெண் கரையில் நின்று அழுகிற கட்டம் அதில் உண்டு. அடுத்த பாட்டிலேயே அவன் வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் நான் அந்த இடத்தில் முந்தானையை எடுப்பேன். அன்றைக்கும் எடுத்தேன். மரியநேசம் கடலைப் பார்த்துக் கையை நீட்டி, "என் ராசாவே, நீ எங்கே" என்று கேட்ட அந்த நேரத்தில், பொறுமையில்லாத யாரோ பின்னாலிருந்து ஒரு மோட்டரின் கயிற்றை இழுத்தார்கள். அது இரண்டு தடவை இருமி நின்றது. மேடையில் கை நீட்டிய மேனிக்கே காது மட்டும் திரும்பி, மரியநேசத்தின் அழுகைக் குரலிலேயே உங்கள் மச்சான், "வாஷர் போச்சு" என்று மைக்கில் சொன்னார்.

அதற்குப் பிறகு கதை மேடையில் நிற்கவில்லை. அவர் இறங்கிவிட்டார். சுயம்பு எவ்வளவு நேரம்தான் வெறும் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு சமாளிப்பான். கதையைக் கேட்க வந்தவர்கள் கதை வேண்டும் என்றார்கள், மோட்டரோடு வந்தவர்கள் மோட்டர் வேண்டும் என்றார்கள். கடைசியில் மைக்கையே கீழே இறக்கிப் பம்புசெட்டுகளுக்கு நடுவில் வைத்தார்கள். அவர் குந்தியிருந்து ஸ்பானரால் கழற்றிக்கொண்டே மீதிக் கதையைச் சொன்னார். மரியநேசத்தின் கணவன் வள்ளத்தில் கரை சேருகிற இடமும் விஜயம்மாவின் மோட்டர் குபுகுபுவென்று உயிர் பெற்ற இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அந்த அம்மாள் மோட்டரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கூட்டம் கைதட்டியது. இப்போது மலைப்பக்கத்தில் ஏழு கமிட்டிகள், கதையும் பழுதுபார்ப்பும் சேர்த்துத்தான் வேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கின்றன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் உங்கள் விசா தாள் காத்திருக்கிறது.

மறுநாள் காலையில் அவருக்குக் கஞ்சி விளம்பி வைத்துவிட்டு நேராகவே கேட்டேன். எதிலாவது ஒன்றில் நில்லுங்கள், ஜிஜி வளருகிறாள், அண்ணன் கடல் தாண்டி நமக்காக ஒரு வழி ஏற்படுத்தியிருக்கிறார், எஞ்சின் போதும், கதையை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் சண்டை போடுவார் என்று நான் பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்து, "செரி பெர்த்தா. போறேன். இனி பாடல்ல" என்றார். அவ்வளவுதான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாயை மூடியபடியே கரைக்குப் போனார். நான்கு நாள் வீட்டிலும் கொட்டகையிலும் ஒரு சத்தம் இல்லை.

ஐந்தாம் நாள் நான் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் சின்னவள். முந்தின நாள் அவர் மாட்டிக் கொடுத்தது ஜெனினின் எஞ்சின். ஜெனின் விடியுமுன்பே கடலுக்குப் போயிருந்தான். சோப்புக் கையோடு கரைக்கு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது வேறொரு வள்ளம் ஜெனினின் வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை, மாதாவுக்கு நன்றி. புரொப்பெல்லர் மட்டும் கழன்று கடலுக்குள் போய்விட்டது. ஜெனின் கரையில் குதித்த உடனே, "அண்ணே, எஞ்சின் நல்லா கெடந்து கத்துகு, வள்ளம் அனங்கல்ல. கொஞ்ச நேரம் நான் மீனைப் பாத்தேன், மீனு என்னப் பாத்துது. ஒங்களுக்கு என்னாச்சு?" என்று கேட்டான். உங்கள் மச்சான் மணலில் உட்கார்ந்தார். நான் அந்தப் பின்னை அவர் கையில் வைத்தேன். "பாட்டு இல்லாம மாட்டினேன். மாமனாரோட நிறுத்திட்டேன் போல" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் கையிலிருந்து இப்படி ஒரு எஞ்சின் போனதில்லை.

ஆனாலும் அண்ணா, சொன்ன சொல் சொன்ன சொல்தான். 26ஆம் தேதி பம்பாய்க்கு ரயில் ஏற்றிவிடுகிறேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கம்பெனி மேலாளரிடம் பேசி, புரொப்பெல்லர் மாட்டும் நேரத்தில் மட்டுமாவது அவர் மெதுவாகப் பாடிக்கொள்ள அனுமதி வாங்கித் தாருங்கள். ஐந்தே வரிதான். அறையில் படுக்கிற அந்த ஏழு பேரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நீங்களும் அவருக்கு இரண்டு வரி கண்டிப்பாக எழுதுங்கள், என் வார்த்தையைவிட உங்கள் வார்த்தைக்கு அவர் அதிகம் அடங்குவார். வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்க வேண்டாம். ஜிஜி மாமாவுக்கு முத்தம் தருகிறாள். எல்லாப் புனிதர்களும் உங்களுக்குக் காவலாக இருக்கட்டும்.

இப்படிக்கு
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
பெர்த்தா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையில் பசை தடவப் போகும்போது ஒரு தாவணி பாக்கியிருந்தது நினைவு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். பாட்டு நின்ற நாளிலிருந்து என் தையல் ஒரு பிசகும் இல்லாமல் நேராகப் போகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. கால் ஓடுகிறது, மனசு அதன்கூடப் போகவில்லை. எழுந்து போய் அவரிடம், நீங்கள் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானாகத்தான் சொன்னேன், அவர் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே கோபத்தை என் மேல் போடுங்கள், அவருக்குக் கண்டித்து எழுத வேண்டாம். அந்தக் கதையில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் வேலை எனக்கு வராது அண்ணா. விசா தாளை மடங்காமல் இதோடு வைத்திருக்கிறேன், மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, வேறு நல்ல பையனாகப் பார்த்துக் கொடுங்கள், பாடாதவனாக. ஞாயிற்றுக்கிழமை காட்டாக்கடையில் முன்பே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி. மேடையில் தாளத்துக்குக் கைமணி தட்டுகிற ஜெயன் துபாய்க்குப் போனதிலிருந்து அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. சுயம்பு முந்தாநாள் என் மெஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, தாளம் தெரிந்த ஆளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினோமே என்றான். நோட்டீஸ் நேற்றே அச்சுக்குப் போய்விட்டதாம், என்னிடம் கேட்காமலேயே. கைமணி: பெர்த்தா, எஸ்.எஸ்.எல்.சி. என்று போட்டிருக்கிறார்கள். நான் கணக்கில் தோற்றது உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா இறந்துவிட்டார்கள். நீங்கள் மஸ்கட்டில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம்.