அப்படின்னா ஃபாதரும் என் சிவப்புப் பட்டியலும்

எங்கள் கல்லூரியில் ஃபாதர் குழப்பாமல் விட்ட ஆள் ஒருவர்கூடக் கிடையாது. முதல்வரிலிருந்து கேன்டீன் மாஸ்டர் வரை எல்லோரும் ஒரு முறையாவது அவரிடம் பேசிவிட்டு, எதற்கு வந்தோம் என்பதே மறந்து நின்றிருக்கிறார்கள். அவருக்கு நீளமான ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் யார் எதைச் சொன்னாலும் ‘அப்படின்னா?’ என்று கேட்பார். அதனால் ஊருக்கே அவர் அப்படின்னா ஃபாதர்.

காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டுப் பக்கம் இருக்கும் கத்தோலிக்கக் கல்லூரி எங்களுடையது. நான் கணினித் துறை ஆசிரியர். அவர் தத்துவம். எல்லாத் துறை மாணவர்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் அவர் வகுப்பு உண்டு. உண்மை ஒன்றுதான், துறைகளெல்லாம் நாம் எழுப்பிக்கொண்ட சுவர்கள் என்பது அவர் கட்சி. சுவர்களை நம்பாததாலோ என்னவோ, கதவுகளையும் சரியாகப் பார்க்க மாட்டார். ஒருநாள் வணிகவியல் என்று நினைத்துத் தாவரவியல் வகுப்புக்குள் போய்விட்டார்.

“வளர்ச்சி வளர்ச்சின்றீங்களே, எதுக்கு வளரணும்? எது வரைக்கும்?” என்று ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார்கள். கடைசியில் ஒருவன் எழுந்து, “ஃபாதர், இது ஒருவித்திலைக்கா, இருவித்திலைக்கா?” என்று கேட்டான்.

ஃபாதர் நெற்றியைத் தடவினார். “ரெண்டுமே யோசிக்க வேண்டியதுதான்பா.”

அந்த சமயத்தில் நான் முனைவர் பட்டத்துக்காக ஒரு மென்பொருள் எழுதியிருந்தேன். வருகைப்பதிவு, மதிப்பெண், வீட்டுத் தொலைவு இவற்றை வைத்து, படிப்பைப் பாதியில் விடப்போகும் மாணவர் யார் என்று முன்கூட்டியே சொல்லும். தேறுகிறவர் பச்சை, விடுகிறவர் சிவப்பு. நிர்வாகத்துக்கு அது மிகவும் பிடித்துப்போனது. சிவப்பு விழுந்தவர்களுக்கு இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தில் இடம் தர வேண்டாம் என்று முடிவெடுக்கக் கூட்டம் கூட்டினார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் பட்டியலோடு ஃபாதர் என் அறைக்கு வந்தார்.

“ரிஹானா சிவப்பு. அப்படின்னா?”

“படிப்ப விட்டுடுவான்னு அர்த்தம் ஃபாதர்.”

“அவளே சொன்னாளா?”

“கம்ப்யூட்டர் சொல்லுது.”

“அது அவளைக் கேட்டுதா?”

“கேக்காது ஃபாதர். கணக்குப் போடும்.”

“அப்போ நாம கேட்டுடலாம், வா.”

ரிஹானா வீடு ஐயம்பேட்டையில். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் ஃபாதர் ஓட்டுநரிடம் ஆரம்பித்தார்.

“எங்கப்பா போற?”

“வாலாஜாபாத்.”

“அப்புறம்?”

“திரும்பி காஞ்சிபுரம்.”

“அப்போ போறதுன்னா என்ன?”

ஓட்டுநர் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்தார். மும்முரமாக யோசித்ததில் ஐயம்பேட்டையில் நிறுத்தவில்லை. வாலாஜாபாத்தில் இறக்கிவிட்டு, “எனுக்கும் அதான் சார் பிரியல,” என்றார். வேறு வண்டி பிடித்துத் திரும்பினோம்.

ரிஹானாவின் அம்மா காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “ரெண்டு மாசமா இப்டித்தான் இருக்குது சாமி. புள்ள சமைச்சு வெச்சிட்டு, என்னைக் குளிக்க வெச்சிட்டுக் கெளம்பறதுக்குள்ள பஸ்ஸு போயிடுது.”

ரிஹானா என்னைப் பார்த்தாள். “நான் படிப்ப விடறேன்னு யார் சார் சொன்னது?”

அவள் கொடுத்திருந்த தேநீரை அவசரமாக வாயில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கூட்டத்தில் ஃபாதர் எழுந்தார். மனிதன் என்றால் யார் என்று தொடங்கினார். ஆன்மாவுக்குப் போனார், சுதந்திரத்துக்கு வந்தார், விதைக்குள் மரம் இருக்கிறதா என்று கேட்டார், பிறகு அந்த மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் நின்றார். இருபது நிமிடம் போனது. ‘இதைத்தான் நான் சொல்ல வந்தேனா?’ என்பது போல என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். மென்பொருள் உங்களுடையது.”

ஃபாதர் பேசியதில் எனக்கும் ஒரு வரி புரியவில்லை. ஆனால் அந்த மாவுக்கட்டை நான் பார்த்திருந்தேன். “இந்தச் சிவப்பை வெச்சு யாரையும் நிறுத்தாதீங்க சார். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏன்னு கேளுங்க, அது போதும்,” என்றேன். என் ஆராய்ச்சியின் தலையில் நானே கல்லைப் போட்டுக்கொண்டேன்.

முதல்வர் பட்டியலை மடித்து வைத்துவிட்டார். ரிஹானாவுக்கு இடம் கிடைத்தது, படிப்பையும் முடித்தாள். பச்சை விழுந்த இரண்டு பேர்தான் பாதியில் போனார்கள். என் ஆய்வேட்டைத் திருப்பி எழுதுவதில் ஒரு வருடம் போயிற்று. அதில் ‘மனிதரைக் கணிக்கலாமா?’ என்று புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தேன். கணினி ஆய்வேட்டில் இது எதற்கு என்று தேர்வாளர் கேட்டார். ஃபாதரிடமிருந்து தொற்றிய பாணியில் பதில் சொன்னேன். தேர்வாளர் குழம்பிப்போய் பட்டம் கொடுத்துவிட்டார்.

சென்ற ஆண்டு ஃபாதரை மலைப்பக்கம், பாதிரியாராகப் படிக்கிறவர்கள் இருக்கும் ஒரு குருமடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது தத்துவத்துக்கு வேறொரு ஃபாதர் வந்திருக்கிறார். சரியான வகுப்புக்குப் போகிறார், அழகாகப் பாடம் நடத்துகிறார், பிள்ளைகளுக்கு எல்லாம் புரிகிறது. பழக்கதோஷத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்காரும் எனக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் நகரவே மாட்டேன் என்கிறது.