தோஷமில்லாத வீடும் அர்ச்சனை அண்ணாச்சியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அத்தோடு நிற்கும். வாயால் சொன்னாலே ஒன்றுக்குப் பத்தாக வளருகிற விஷயம். அச்சில் ஏறினால் என்ன ஆகுமோ என்ற பயம். நான் அதிகம் படித்தவனும் இல்லை. திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் பில் எழுதியே தலை நரைத்தவன். ஆனால் போன மாதம் இரண்டு பையன்கள் செல்போனும் அதை மாட்டும் குச்சியுமாக வந்து எங்கள் பழைய வீட்டைப் படம் பிடித்து, 'பேய் மாடி' என்று பெயர் வைத்து உலகத்துக்கே காட்டிவிட்டார்கள். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தெய்வம் பொறுக்காது.

திருவனந்தபுரத்தில் வீட்டுத் தரகர்கள் தென்னை மரத்துக்கு ஒருவர் வீதம் இருக்கிறார்கள். ஆனால் சாமியையே விளம்பரப் பலகையாக்கிய தரகர் இந்த ஊர் உண்டான நாள் முதல் ஒரே ஒருவர்தான். அவர்தான் அர்ச்சனை அண்ணாச்சி. பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வாக்காளர் பட்டியலில் இருந்ததே தவிர யார் வாயிலும் இல்லை.

குழித்துறைப் பக்கத்துக்காரர். ஆள் குட்டை, கறுப்பு. நெற்றியில் சந்தனம், கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. கல்யாணம் கிடையாது. கரமனையில் இரண்டு அறையுள்ள சொந்த வீட்டில் தனியாக இருந்தார். சாக்கடையை ஒட்டிய மனையை ஆற்றங்கரை மனை என்பார். மழை பெய்தால் முழங்காலுக்குத் தண்ணீர் ஏறும் வீட்டைப் பற்றிக் கேட்டால், "தண்ணிக் கஷ்டமே கிடையாது" என்பார். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது.

இப்படி எல்லாத் தரகர்களையும் போல இருந்தவரைக் கெடுத்தது ஒரு வகுப்பு. தம்பானூரில் ஒரு ஹோட்டலில், கோட்டுப் போட்ட ஒரு பையன், சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு, வீட்டுத் தரகர்களுக்கு மார்க்கெட்டிங் சொல்லிக்கொடுத்தான். நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்வது எப்படி, தெரிந்தவர்களை விடாமல் பிடித்துக்கொள்வது எப்படி என்பதெல்லாம் பாடம். அண்ணாச்சி ஒரு சர்டிபிகேட்டோடு திரும்பி வந்தார். அதை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருந்தார். அந்தப் பையன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு வேதமாகிவிட்டது. எங்களுக்கு வினையாகிவிட்டது.

லிஃப்டில் ஏறி இறங்குகிற நேரத்துக்குள் உன்னைப் பற்றி முழுக்கச் சொல்லி முடிக்கத் தெரிய வேண்டும் என்பது முதல் பாடம். ஆரியசாலையில் லிஃப்டுக்கு எங்கே போவது? அண்ணாச்சி பொன்முடி மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார். வித்துரா தாண்டி வளைவுகள் தொடங்கியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவர் சட்டைப் பையில் விசிட்டிங் கார்டைச் சொருகிவிட்டு வந்தார். "அந்த நெலமையில அவருக்கு வேண்டாம்ணு சொல்ல முடியல்ல, கேட்டீரா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

வாடிக்கையாளரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல் என்பது அடுத்த பாடம். அண்ணாச்சி அதையும் விடவில்லை. ஒருவருக்கு போன் போட்டு நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். அந்தப் பக்கம் மனைவி, அவர் போய் ஆறு மாதம் ஆயிற்று என்று அழுதிருக்கிறார். நம்மவர் துக்கம் விசாரித்துவிட்டு, அப்படியானால் வீட்டைக் கொடுக்கிற யோசனை ஏதாவது உண்டா என்று கேட்டாராம்.

மூன்றாவது பாடம்தான் எங்கள் தலையில் விழுந்தது. கூட்டம் எங்கே நல்ல மனதோடு கூடுகிறதோ அங்கே உன் குரல் கேட்க வேண்டும் என்று அந்தக் கோட்டுப் பையன் சொல்லியிருந்தான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பிள்ளையார் கோவில். காலையில் நல்ல கூட்டம் இருக்கும். ஒருநாள் நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்திலிருந்து உரக்க ஒரு பிரார்த்தனை கேட்டது. "விநாயகா, கரமனையில அஞ்சு சென்ட் கெடக்கு. வண்டி வாசல் வரைக்கும் வரும். ஆதாரம், பத்திரம் எல்லாம் சுத்தம். வாங்குகவனுக்கு நல்ல புத்தியக் கொடு." கண்ணைத் திறந்து பார்த்தால் அண்ணாச்சி உருகி நிற்கிறார். சுற்றி நின்றவர்கள் பாதிப் பேர் பிள்ளையாரை விட்டு அவரைப் பார்க்கிறார்கள்.

பூஜை செய்கிற போற்றி வெளியே வந்தார். இங்கே கும்பிடலாம், விலை பேசக்கூடாது என்றார்.

"வெலை சொல்லல்லியே போற்றி. அதைத் தனியாப் பேசிக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி.

இது பாவமா இல்லையா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. நானும்தான் கடைக்கு நல்ல வியாபாரம் நடக்கவேண்டும் என்று தினமும் கேட்கிறேன். மனதுக்குள் கேட்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு ஸ்ரீநிலையம், ஒரு மாடி. கீழே கொத்தமல்லி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி. அது வேறொருவர் சொத்து. மேலே மட்டும் எங்கள் பாகம். ஏணியைச் சுவரில் சாய்த்தது போல ஒரு மரப்படி. என் மனைவி கோமதிக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. சமதரையில் என் தோளைப் பிடித்து நடப்பாள். படி மட்டும் முடியாது. ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். திரும்பி ஏற்றியதும், "இனி மல்லி மூட்டை மாதிரி என்னை எறக்காதீங்க. நான் இங்கயே கெடக்கேன்" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தெருவை மிதிக்கவில்லை. பிள்ளையார் கோவில் மணி கேட்கும். அவள் கட்டிலிலிருந்தே கையைக் கூப்புவாள். அந்த மாடியை விற்றுத் தரையோடு தரையாக ஒரு வீடு பார்க்க வேண்டும். எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கோமதியைப் பார்த்து, "அக்கா, ஓணத்துக்குள்ள நீங்க தரையில நிப்பிய" என்றார்.

சந்நிதியில் சத்தம் போடக் கூடாது என்று போற்றி சொல்லிவிட்டாரே, அதனால் அண்ணாச்சி முறைப்படி வழிபாட்டு ரசீது எழுதும் இடத்துக்குப் போனார். இங்கே கோவில்களில் அர்ச்சனை முடிந்ததும் போற்றி வாசலுக்கு வந்து, பெயரையும் நட்சத்திரத்தையும் எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டு, இலையில் பிரசாதம் கொடுப்பார். அண்ணாச்சிக்கு அது போதும்.

ரசீது எழுதுகிறவர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"ஸ்ரீநிலையம். உத்திரட்டாதி."

"ஆரு இது?"

"வீடு."

"வீட்டுக்கு எப்படியா நட்சத்திரம்?"

"பால் காய்ச்சின அன்னைக்கு உள்ளதுதான். அதுதானே அதுக்குப் பொறந்தநாளு."

வீட்டுக்கு அர்ச்சனை கூடாது என்று சட்டம் ஒன்றும் அவரிடம் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் தினமும் காலையில் போற்றி வாசலில் நின்று "ஸ்ரீநிலையம், உத்திரட்டாதி" என்று கூப்பிடுவார். அண்ணாச்சி ராஜா மாதிரி நடந்து போய் இலையை வாங்குவார். யாராவது கேட்டால் வீட்டின் அருமை பெருமைகளைச் சொல்லி, பிரசாதத்தில் கொஞ்சமும் ஒரு கார்டும் கொடுப்பார்.

பலன் கிடைத்தது. வெல்ல மண்டிக்காரர் ஒருவர் வேலையாட்களைத் தங்க வைக்க மாடி கேட்டு வந்தார். அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார். கோமதி அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். நான் கரமனைப் பக்கம் தரைவீடுகள் பார்க்க ஆரம்பித்தேன்.

அர்ச்சனை ஒரு மண்டலம் ஆன அன்று கோவிலில் ஒரு அம்மாள் அண்ணாச்சியிடம் விசாரித்திருக்கிறார்: தினமும் இந்த உத்திரட்டாதிக்காக அர்ச்சனை நடக்கிறதே, யாருக்கு உடம்பு சரியில்லை? ஆளுக்கில்லை, வீட்டுக்கு என்று அண்ணாச்சி மலர்ந்த முகத்தோடு சொன்னார். அந்த அம்மாள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

ஒரு வீட்டுக்கு மண்டலக் கணக்கில் அர்ச்சனை செய்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் என்ன இருக்கும்? இந்த ஊரில் இதைக் குழந்தைகூடச் சொல்லும். சாயங்காலத்துக்குள் எங்கள் மாடியில் ஒரு பெண் வெள்ளைப் புடவையோடு குடியேறிவிட்டாள். மறுநாள் அவளுக்குக் கொலுசும் வந்தது. மூன்றாம் நாள், கோமதியின் காலை இழுத்ததே அவள்தான் என்று ஆகிவிட்டது. இதைக் கிட்டங்கியில் பேசிக்கொண்டது தரைப்பலகை இடுக்கு வழியாகக் கோமதியின் காதிலேயே விழுந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெல்ல மண்டிக்காரர் என்னைக் கடையில் வந்து பார்த்தார். "எனக்கு இதிலொண்ணும் நம்பிக்கை இல்லை ஓய். வீட்டுக்காரி சம்மதிக்க மாட்டேங்கா" என்றார்.

நான் அன்று சாப்பிடவில்லை. அர்ச்சனை அண்ணாச்சி அன்றைக்குத்தான் அதிக வேலை செய்தார். தோஷம் இல்லை என்று நிரூபிக்க ஒரு ஜோசியரைக் கூட்டிவந்தார். ஜோசியர் சோழிப் பையோடு படியேறியதைத் தெருவே பார்த்தது. சந்தேகத்தில் இருந்தவர்களுக்கும் அதோடு சந்தேகம் தீர்ந்தது. அடுத்து மலையாளத்திலும் தமிழிலுமாக ஒரு போர்டு எழுதி மாட்டினார்: தோஷமில்லாத வீடு விற்பனைக்கு. சாலை என்கிற பெரிய கடைவீதியிலிருந்து ஆட்கள் அதைப் பார்க்க வந்தார்கள். ஒருவரும் படியேறவில்லை.

ஓணம் வந்தது, போயிற்று. கோமதி கட்டிலில்தான் இருந்தாள். கோவில் மணி அடித்தால் கையைக் கூப்புவதையும் விட்டுவிட்டாள். எனக்குப் பிள்ளையார் மேலேயே கோபம் வந்தது. தினம் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் காதில் விழவில்லையா என்று சந்நிதியில் நின்று கேட்டேன். நானும் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

துலா மாத மழையில் ஒருநாள் அண்ணாச்சி படியேறி வந்து மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் மூச்சு வாங்கினார். மழையில் ஓடி வந்த களைப்பு என்று நினைத்தேன்.

"அந்தக் கோட்டுப் பையன் கடைசியா ஒண்ணு சொன்னான் ஓய். நீ விக்கிற வீட்டுல நீயே இருப்பியாண்ணு உனக்கிட்டயே கேட்டுப் பாருண்ணான். நான் கேட்டுப் பாத்தேன். இருப்பேன்."

எனக்குப் புரியவில்லை. பையிலிருந்து கரமனை வீட்டுச் சாவியை எடுத்துத் தரையில் வைத்தார். சாவியை மாற்றிக்கொள்ளலாம், தான் இங்கே இருந்து காட்டினால் தோஷப் பேச்சு தன்னால் அடங்கும், விற்றதும் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்.

கோமதி கட்டிலிலிருந்து கேட்டாள்: "உங்களுக்கு இந்தப் படி தினமும் ஏற முடியுமா அண்ணாச்சி?"

"எனக்கா? பொன்முடிக்கே நடந்து ஏறினவன் நான்."

அவர் பஸ்ஸில் போனது எனக்குத் தெரியும். குனிந்து சாவியை எடுத்துக்கொண்டேன்.

கோமதி தூக்கச் சம்மதிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினாள். நான் பின்னால் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, பின்னோக்கி இறங்கிக்கொண்டே, அவள் போகப்போகிற வீட்டை அவளுக்கு விற்றுக்கொண்டு வந்தார்.

"கெழக்கு பாத்த வாசலு அக்கா. வெயிலு நேரா அடுக்களைக்கு வந்து விசாரிச்சிட்டுத்தான் போகும்."

"ம்."

"வாசலுக்கு ஒரே ஒரு படி. அதுவும் படியில்ல, சும்மா ஒரு மரியாதைக்கு."

கோமதி சிரித்தாள். அவள் சிரித்து நான் வெகுகாலமாகப் பார்க்கவில்லை. கீழ்ப்படியில் கால் தரையில் பட்டதும் அழ ஆரம்பித்தாள். கிட்டங்கியில் வேலை செய்கிறவர்கள் மூட்டையோடு நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி மாடியில் குடியிருந்தார். தினமும் சாயங்காலம் ஜன்னலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சுகமாக இருப்பதாகச் சொன்னார். பேச்சு உண்மையிலேயே அடங்கியது. வித்துராவிலிருந்து ஒரு மிளகு வியாபாரி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை வருவதற்குள் ஒரு காலையில் ஜன்னல் திறக்கவில்லை. கிட்டங்கி ஆட்கள் மேலே போய்ப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே போயிருந்தார்.

பார்த்தாயா, கொண்டுபோய்விட்டாள் என்றது ஆரியசாலை.

குழித்துறையிலிருந்து அவருடைய அக்கா வந்தார். நான் விவரம் சொல்லச் சொல்ல அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெஞ்சுல அடைப்பு இருக்கு, படியே ஏறப்பிடாதுண்ணு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சே. உங்களுக்கிட்ட சொல்லல்லியா அவன்?" என்றார். அந்த அம்மாள் கரமனை வாசலில் கோமதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சாவியைத் திருப்பி நீட்டினேன். மாடி விற்கிறபோது விற்கட்டும், அதுவரை இவள் இந்த வாசலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

மாடி இன்னும் விற்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் போய் விளக்கேற்றிவிட்டு வருகிறேன். அங்கே பேய் இல்லை, தோஷம் இல்லை. படி செங்குத்து, இந்த ஒரு குறைதான். அந்தக் குறை தெரிந்தே ஒருவர் ஏறினார். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். கொலுசு வேண்டாம், புடவை வேண்டாம். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

என் வீட்டிலேயே அது நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோமதி வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு அவரைப் பற்றிச் சொல்கிறாள். அவள் சொல்லும் அண்ணாச்சி நல்ல உயரம், நல்ல சிவப்பு. பொன்முடிக்கு நடந்தே ஏறியவர். நான் திருத்துவதில்லை.