வாளிக்குள் இருந்த தலை

புகழ்ப் பங்காளி என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. அப்பன் நிலத்தில் பாதி கேட்டு கோர்ட்டுக்குப் போகிற பங்காளியை உங்களுக்குத் தெரியும். இவர் அந்த ரகம் இல்லை. ரொம்ப நல்லவர், ஒரு காசு கேட்கமாட்டார். ஊரில் ஒரு பையன் பூப்பந்தில் ஜெயித்துவிட்டால் அவன் கையில் முதன்முதலில் மட்டையைக் கொடுத்தவர் இவராக இருப்பார்; ஒரு பெண் டாக்டராகிவிட்டால் பரீட்சை அன்று பஸ்ஸைத் தவறவிட்ட அவளைத் தன் காரில் ஏற்றிப் போனவர் இவராக இருப்பார்; கோயில் கும்பாபிஷேகத்தன்று மழை பெய்யாமல் விட்டதற்குக்கூட இவரிடம் ஒரு காரணம் இருக்கும். ஊரில் எது நடந்தாலும் அது நடந்தபோது இவர் அங்கே இருந்தார். நடக்காமல் போன காரியங்களில் மட்டும் இவர் இருந்ததே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

இந்த இனத்துக்கு ரொம்பப் பிடித்த தீனி, பிரபலமாகிவிட்ட பாட்டு. பாட்டு ஓடாவிட்டால் அதற்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. ஓடிவிட்டாலோ, இசையமைப்பாளருக்குத் தே தாரிக் டீ ஆற்றிக் கொடுத்தவர் வரை உரிமைக்காரர்கள். நல்ல மாதிரியாக ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் மலாக்காவில் பாயா ரும்புட் பக்கம் டயர் கடை வைத்திருக்கும் நல்லமுத்துவிடம் போய் ஒரு சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். அது எதற்கு என்று நீங்கள் கேட்கவே வேண்டாம், அவரே சொல்லிவிடுவார்.

பத்து வருடங்களுக்கு முன் கிருஷாந்த் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் ஒரு பாட்டு எழுதினார். அப்பா, பெரியப்பா, இரண்டு தாய்மாமன்கள் என்று எல்லோரும் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவருடையது. அவர்கள் அத்தனை பேரும் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்துக் கொடுத்த படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ‘கடைசி பஸ்ஸு போயிடுச்சு’ என்று தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, வீடியோவையும் ஒரே நாளில் எடுத்துவிடக் கிளம்பினார். மெர்லிமாவுக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் திடல். கேமரா வாடகை, ஜெனரேட்டர் வாடகை, ஒரு பழைய பஸ்ஸும் வாடகை. ஆடுவதற்கு ஆள் வைக்க வழியில்லாததால் வேடிக்கை பார்க்க வந்தவர்களையே ஆடச் சொல்லிவிட்டார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நல்லமுத்துவும் ஒருவர். மைத்துனன் வீட்டுக்கு வந்தவர், சத்தம் கேட்டு மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். அவ்வளவுதான் அவருக்கும் கலைக்கும் இருந்த சம்பந்தம்.

மாலை நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பாட்டைப் போடுகிற ஸ்பீக்கரும் விளக்குகளும் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. அதில் பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. எடுக்க வேண்டியவை இன்னும் இரண்டு: எல்லோரும் கூடி ஆடுகிற ஆட்டம், அதற்குப் பிறகு, பஸ்ஸின் பின்னால் காதலன் ஓடுகிற கடைசிக் காட்சி. பஸ்ஸைத் தேடிப் போகிற பாட்டில் பஸ்ஸின் பின்னால் ஓடாவிட்டால் அப்புறம் என்ன பாட்டு? கேமராவை அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். யாராவது போய்ப் பெட்ரோல் வாங்கி வந்தால்தான் உண்டு என்று கிருஷாந்த் கிட்டத்தட்ட அழுகிற குரலில் சொன்னபோது, எல்லோரும் மழையைப் பார்த்தார்கள். நல்லமுத்து மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

யாரும் அவரைக் கெஞ்சவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. முன்னால் போகிற லோரியின் பின்விளக்கு மட்டுமே தெரிகிற மழையில் மெர்லிமாவ் வரை போய், ஒரு பெரிய எண்ணெய் டின்னில் பெட்ரோலை நிரப்பி, அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு முறை வழுக்கி விழுந்து, டின்னை மட்டும் விழவிடாமல் பிடித்து, திரும்பி வந்து சேர்ந்தார். அவர் வந்த நேரத்துக்கும் ஜெனரேட்டர் நின்ற நேரத்துக்கும் இரண்டு நிமிடம்தான் இடைவெளி. ஊற்றினார்கள், ஓடியது, கடைசிக் காட்சியை எடுத்து முடித்தார்கள். நல்ல காரியம். சும்மா சொல்லக்கூடாது, மனதாரச் செய்த காரியம்.

ஆனால் அவர் போயிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில், இருந்த கொஞ்சம் பெட்ரோலை வைத்து ஆட்டத்தை எடுத்து முடித்துவிட்டார்கள். அதில் யாரோ ஒரு தொந்திக்காரர், மழைக்கு மறைப்பாக ஒரு சிவப்பு வாளியைத் தலையில் கழுத்துவரை கவிழ்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், யார் மேலும் மோதாமல், நாலு விநாடி ஆடியிருக்கிறார். நல்லமுத்து அந்த வாளியைப் பார்க்கவே இல்லை என்று சொல்லமுடியாது. திரும்பி வந்தபோது அது தரையில் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் காலுறையைப் பிழிந்தார்.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாட்டு ஜொகூரிலிருந்து பினாங்கு வரை ஓடியது. பாட்டைவிட அந்த நாலு விநாடி வேகமாக ஓடியது. கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளைத் தோழர்கள் வாளியோடு வந்தார்கள். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் முப்பது பிள்ளைகள் முப்பது சின்ன வாளிகளோடு மேடையேறி, ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு கீழே விழுந்தார்கள். கிருஷாந்தைத் தொலைபேசியில்கூட அழைக்காமலிருந்த தாய்மாமன்கள் இருவரும் தங்கள் அறுபதாம் கல்யாணத்தில் வாளி ஆட்டம் ஆடினார்கள். நாடெல்லாம் கேட்டது ஒரே கேள்வி. வாளிக்குள் யார்?

இங்கேதான் நம் இனத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நல்லமுத்து பொய் சொல்லவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், ஷூட்டிங் அன்று நீங்கள் அங்கே இருந்தீர்களாமே என்று ஒருவர் கேட்டார். இருந்தேன் என்றார், அது உண்மை. அப்படியானால் அந்த வாளி யார் என்று கேட்டார். நல்லமுத்து சிரித்தார். அவ்வளவுதான் செய்தார். அந்தச் சிரிப்பு பாயாசம் வருவதற்குள் மூன்று வரிசை தள்ளிப் போய், அங்கிருந்து கைகழுவும் இடத்துக்குப் போய், வாசலுக்கு வரும்போது முழு வாக்குமூலம் ஆகிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையை ஆட்டியதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

பிறகு சிரிப்புக்கு வார்த்தை முளைத்தது. வாளிக்குள் மூச்சு எப்படி முட்டியது, மழைச் சத்தம் உள்ளே எப்படிக் கேட்டது, இடது காலை ஏன் முதலில் தூக்கினார் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். வீடியோவில் இருந்தவருக்குத் தொந்தி உண்டு, நல்லமுத்து அப்போது ஒல்லி. அந்தக் குறையும் வருடத்துக்கு வருடம் விருந்து சாப்பாட்டில் நிவர்த்தியாகிக்கொண்டு வந்தது. கதைக்குப் பக்கபலமாக, ஜெனரேட்டர் பெட்ரோல் கதையையும் சேர்த்துக்கொள்வார். யாரோ ஒருத்தன் மழையில் மெர்லிமாவ் வரை பெட்ரோல் வாங்கப் போனான், பாவம், திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது, அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று உச்சுக்கொட்டுவார். தன் முதுகையே தான் தட்டி வழியனுப்பிவைத்த மனிதரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

உண்மை தெரிந்தவர் ஒருவர் உண்டு, அவர் மனைவி கோமளா. அன்று சேறும் பெட்ரோல் வாடையுமாக வந்து நின்ற கால்சட்டையை மூன்று முறை துவைத்தவர் அவர். இப்படியா மழையில் போவார்கள் என்று திட்டிக்கொண்டே துவைத்தார், ஆனால் தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது. கோமளாவுக்குப் பிடித்தவர் அந்தப் பெட்ரோல்காரர்தான். வாளிக்காரரை அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. இருந்தாலும் நாலு பேர் எதிரில் புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வராமல், வாளிக் கதை தொடங்கும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

இந்த வருடம் பாட்டுக்குப் பத்தாவது ஆண்டு விழா. புக்கிட் காத்தில் பக்கம் ஒரு மண்டபத்தில் ஞாயிறு பகல் சாப்பாட்டோடு ஏற்பாடு. வீடியோவைப் புதிதாகத் துலக்கி மறுபடி வெளியிடப் போவதாகவும், அன்று உதவிய ஒருவர் விடாமல் எல்லோருடைய பெயரையும் அதில் போடப்போவதாகவும் கிருஷாந்த் அறிவித்திருந்தார். நல்லமுத்து ஒரு மாதமாகத் தூங்கவில்லை. பத்து வருடமாக வாயால் சொன்னது இனி எழுத்தில் ஏறும், பேரப்பிள்ளைகள் பார்க்கும். புதுச் சட்டை எடுத்தார், சிவப்பில்.

நானூறு பேர் கூடியிருந்த மண்டபத்தில் கிருஷாந்த் மைக்கைப் பிடித்து, வாளிக்காரர் வந்திருந்தால் மேடைக்கு வரவேண்டும் என்றார். நல்லமுத்து எழுந்தார். திரும்பிப் பார்த்தால் இன்னும் ஆறு பேர் எழுந்திருந்தார்கள். அதில் ஒருவர் வயதை வைத்துப் பார்த்தால் ஷூட்டிங் அன்று ஆறாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். கிருஷாந்த் விழுந்து விழுந்து சிரித்தார்; கோபித்துக்கொள்ளவில்லை. ஏழு பேருக்கும் பொன்னாடை போர்த்தி, ஏழு பேர் கையிலும் ஒரு வாளியைக் கொடுத்து, சேர்ந்து ஆடவிட்டு, வாளி அண்ணன்கள் என்று ஒரே வரியில் பெயர் போட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பிவைத்தார். உண்மையான வாளிக்காரர் அந்த ஏழு பேரில் இருந்தாரா என்பதே சந்தேகம். நல்லமுத்து முகம் சிவக்க இருக்கைக்குத் திரும்பி, மற்ற ஆறு பேரும் எவ்வளவு கூச்சமில்லாத பொய்யர்கள் என்று கோமளாவிடம் முணுமுணுத்தார்.

மண்டபம் சிரித்து ஓய்ந்ததும் கிருஷாந்தின் குரல் மாறியது.

“இன்னொரு அண்ணன் இருக்காரு. மழையில பெட்ரோல் வாங்கிட்டு வந்தவரு. அவரு மட்டும் போகலேன்னா இந்தப் பாட்டே இல்ல. அன்னிக்கு நான் கேமராவத் திருப்பிக் குடுத்துட்டு அப்பா சொன்ன படிப்புக்கே போயிருப்பேன். பேரு கேக்காம விட்டுட்டேன். பத்து வருசமா தேடறேன். அண்ணே, இங்க இருக்கீங்களா?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடியோவின் முதல் பெயராக அந்த அண்ணன் பெயரைத்தான் போடப்போவதாகச் சொன்னார். கோமளா கணவர் பக்கம் திரும்பினார். பத்து வருடத்தில் முதல் முறையாக அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

“போங்க. அது நீங்கதானே.”

நல்லமுத்துவின் மடியில் வாளி, தோளில் பொன்னாடை. ஐந்து நிமிடத்துக்கு முன் நானூறு பேர் பார்க்க ஆடிய ஆட்டத்தின் வியர்வை இன்னும் காயவில்லை.

“எப்படிப் போறது? அப்ப நான் ஆடிக்கிட்டு இருந்தேன்லா.”

கோமளா அவர் மடியிலிருந்த வாளியை எடுத்துத் தன் காலடியில் வைத்தார், அவ்வளவுதான். கிருஷாந்த் இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடுவதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அவர் ஹரிதாஸ், நல்லமுத்துவின் கடையில் தினமும் வந்து உட்கார்ந்து கதை கேட்பவர். பாட்டு எடுத்த வருடம் முழுக்க சிங்கப்பூரில் வேலையாக இருந்தவர். மேடைக்குப் போய், மெர்லிமாவ், எண்ணெய் டின், முழங்கால், செம்மண், ஒரு வழுக்கல் என்று கடையில் கேட்டதை ஒன்று விடாமல், தானே போய்வந்ததுபோல அழகாகச் சொன்னார். கிருஷாந்த் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். மண்டபமே எழுந்து நின்றது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் நல்லமுத்து. உட்கார்ந்திருந்தால் கோமளாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இது யாரைப் பற்றி எழுதியது என்று எனக்குத் தெரியும் என்பீர்கள். அந்த ஆளை நேரில் பார்த்திருக்கிறேன் என்பீர்கள். அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், இதை எழுதியவருக்கு விஷயத்தைச் சொன்னதே நீங்கள்தானா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்லாமல் லேசாகச் சிரித்தும் வைப்பீர்கள். சிரிக்கும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்றோ செய்து மறந்துபோன ஏதோ ஒரு நல்ல காரியத்துக்காக, எங்கேயோ ஒருவர் கையில் மாலையோடு உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர் வந்து கூப்பிடும்போது, தயவுசெய்து நீங்கள் நீங்களாக இருங்கள்.