ஐந்து சைக்கிளும் ஒரு பேசும் மெத்தையும்

பழம்பொருட்களைப் பேணிக் காப்பது ஒவ்வொரு பிரசையின் தலையாய கடமை என்பதில் கேஷானிக்கு எந்தக் கருத்து வேறுபாடும் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாத நாளாயிருந்தால் அவளும் மற்றவர்களோடு நின்று கை தட்டியிருப்பாள்.

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. அதிலும் மேல் பிரிவு. மழைக்கு மண் சரிந்த பிறகு அந்தப் பாதையில் ஆட்டோவும் ஏறாது, வேனும் ஏறாது. வீரய்யாவின் டிரெக்டர் மட்டும்தான் ஏறும். கொழுந்து போவது அதன் பின்னால் இழுபடும் பெட்டியில், அரிசி வருவது அதில், நோயாளிகள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். அன்றைக்கு அந்தப் பெட்டியில் ஐந்து சைக்கிள்கள் போக இருந்தன.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சைக்கிள்கள். நெடுங்காலமாக ஸ்டோரில் கோழிகள் ஏறி உட்காரத்தான் அவை பயன்பட்டு வந்தன. ஆனால் சுற்றுலா ஊரான எல்லயில் இப்போது சுவரில் பழைய சைக்கிள் தொங்காத ஹோட்டலை வெளிநாட்டுக்காரர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லையாம். தொங்குகிற சைக்கிளுக்குக் கீழே உட்கார்ந்து குடித்தால்தான் தேத்தண்ணிக்கு ருசியே வருகிறதாம். ஆகவே கோழிகள் உடனடியாக வெளியேற்றப்பட்டன. சைக்கிள்கள் மரபுரிமைச் சின்னங்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. பதுளையில் கண்காட்சி, பிறகு எல்லயில் நிரந்தர வாசம். அவற்றைப் பத்திரமாக இறக்கிச் செல்ல யேசுரத்தினம் என்ற உத்தியோகத்தர் கழுத்துப்பட்டி சகிதம் வந்து சேர்ந்தார்.

“இரும்புல இரும்பு படக்கூடாது” என்பது அவருடைய முதல் விதி. பெடல்களைக் கழற்றித் துணியில் சுற்றினார்கள். ஹேண்டில்களைத் திருப்பி வைத்தார்கள். கயிறு சில்லுக் கம்பியில் படாமல் சட்டத்தில் மட்டும் கட்டி, மேலே போர்வை சுற்றினார்கள். சைக்கிளுக்குச் சைக்கிள் நடுவே ஒரு மெத்தை வேண்டும் என்றார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மெத்தைக்கு எங்கே போவது? தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவிலிருந்து, கைக்குழந்தைகள் படுக்கும் மெத்தைகள் வந்தன. குழந்தைகள் அன்று சிமெந்துத் தரையில் படுத்து மரபுரிமைக்குத் தம்மாலான பங்களிப்பை நல்கினார்கள்.

கேஷானி கைக்குழந்தை சஜீவனியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனாள். பிள்ளை நெருப்பாய்க் கொதித்தது. விடிந்ததிலிருந்து பால் குடிக்கவில்லை. இப்போது அழுவதையும் நிறுத்திவிட்டது. அதுதான் அவளுக்குப் பயம்.

“சேர், புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஒரு ஓரமா குந்திக்கிறேன்.”

“பெட்டியில ஆள் ஏத்த முடியாதும்மா. பாதுகாப்பு இல்ல.”

“நாங்க எப்பவும் இதுலதானே சேர் போறோம்?”

“அது உங்க பாதுகாப்பு. நான் சொல்றது சைக்கிளோட பாதுகாப்பு.”

வீரய்யா ஆசனத்திலிருந்து திரும்பினார். “கைப்புள்ள சேர். பாவம் பாருங்க.”

“கைப்புள்ளைங்க நாட்டுல எத்தனையோ இருக்கு. இந்த மொடல்ல அஞ்சே அஞ்சுதான்.”

“பழசுக்குத்தான் மதிப்புன்னா எங்க லயத்தையும் கட்டி ஏத்துங்க சேர். அது சைக்கிளுக்கும் மூத்தது” என்றார் வீரய்யா.

யேசுரத்தினம் லயத்தை ஏற இறங்கப் பார்த்தார். காற்றுக்குப் பறக்காதபடி கூரைத் தகரத்தின் மேல் கல் வைத்திருந்தது. “அது பழசு. இது புராதனம்” என்றார்.

அப்போதுதான் ஒரு தேசிய நெருக்கடி தெரியவந்தது. கடைசி இரண்டு சைக்கிளுக்கும் நடுவே மெத்தை இல்லை. மெத்தையில்லாமல் வண்டி ஓரடி நகராது என்றார் உத்தியோகத்தர். கேஷானி கொன்வென்ட் பள்ளியில் பழகிய பணிவான குரலை எடுத்தாள்.

“சேர், மெத்தையா நான் வரலாமா?”

அவர் நீண்ட நேரம் யோசித்தார். ஆள் ஏற்றக்கூடாது என்று விதி இருக்கிறது; மெத்தை ஏற்றக்கூடாது என்று இல்லை.

“மெத்தை ஆடக்கூடாது.”

“ஆடமாட்டேன் சேர்.”

“பேசவும் கூடாது. பதுளை போற வரைக்கும் நீங்க ஆள் இல்ல, விளங்குதா?”

“தோட்டத்துலயும் அப்படித்தான் சேர்” என்றார் வீரய்யா.

மெத்தை பேசவில்லை. ஏறிக்கொண்டது.

டிரெக்டர் ஊர்ந்தது. வளைவுக்கு வளைவு யேசுரத்தினம் நிறுத்தச் சொல்லி, காதை வைத்து இரும்புச் சத்தம் கேட்டார். கேஷானி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள். பாதி வழியில் மெத்தையை அமுக்கிப் பார்க்கக் கை நீட்டிய உத்தியோகத்தரின் விரல், சஜீவனியின் நெற்றியில் பட்டது. வெடுக்கென்று இழுத்தார்.

“என்ன இப்படிச் சுடுது?”

மெத்தை வாய் திறக்க முடியாது. வீரய்யாதான் சொன்னார்: “சின்ன மெத்தை சூடாயிருச்சு சேர்.”

“ஐயோ, வெள்ளைக்காரன் காலத்துப் பெயின்ட்! சூடு பட்டாக் கொப்பளிச்சு உரிஞ்சிருமே! இதை எங்க குளிராக்கலாம்?”

“ஆஸ்பத்திரியிலதான் சேர்.”

“அப்ப வேகமா விடுங்க!”

“இரும்புல இரும்பு இடிக்குமே?”

“இடிச்சா இடிக்கட்டும்! பெயின்ட் போனா என் வேலை போயிரும். விடுங்க மிஸ்டர் வீரய்யா!”

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மிஸ்டர் ஆன வீரய்யா விட்டார் பாருங்கள், கழுத்துப்பட்டி பின்னால் பறந்தது. பதுளைச் சந்தியில் பொலிஸ்காரர், டிரெக்டரில் கட்டியிருந்த மரபுரிமைப் பதாகையைக் கண்டு சல்யூட் அடித்து எல்லா வாகனங்களையும் நிறுத்தி வழிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ட்ரொலி ஓடி வந்தது. போர்வை சுற்றியிருந்ததால் முதலில் அதில் ஏற்றப்பட்டது ஒரு சைக்கிள்தான். பிழை தெரிந்த பிறகு மெத்தைகள்.

வெகுநேரம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். “நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தா...”

“பெயின்டே போயிருக்கும்” என்று வியர்வையைத் துடைத்தார் யேசுரத்தினம்.

சஜீவனி தேறி வீடு வந்தாள். தோட்டத்தில் கூட்டம் போட்டார்கள். பாதை கேட்கலாம் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரி வண்டி கேட்கலாம் என்றார் இன்னொருவர்.

“அதெல்லாம் எங்க அப்பன் காலத்துலேயே கேட்டாச்சு” என்றார் வீரய்யா. “சைக்கிளுக்குன்னாத்தான் ஓடி வாறாங்க. ஒரு சைக்கிளைத் திருப்பித் தரச் சொல்லுவோம். நோயாளிக்குத் துணையா ஏத்திக்கலாம்.”

எல்லாரும் கை தூக்கினார்கள். முதல் கை கேஷானியுடையது.

கோரிக்கை பெருங்கருணையுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சைக்கிள் மேளதாளத்தோடு மலையேறி வந்த அன்று, அது பெட்டியிலிருந்து அடிபடாமல் இறங்க வேண்டுமே என்று, பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப்போய் மெத்தைகளைத் தூக்கி வந்தவளும் கேஷானிதான். சஜீவனி சிமெந்துத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.