மகாராணியின் நாடித்துடிப்பு

டீச்சரம்மாவின் ஜாக்கெட்டுக்கு நாலாவது கொக்கியைத் தைத்துக்கொண்டே அவள் காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு வேலையில், கால் ஒரு வேலையில், கண் மட்டும் புருஷனின் மணிக்கட்டில்.

“அது என்னங்க கையில?”

“வாட்ச்.”

“மணி காட்டலையே?”

“இது மணி காட்டாத வாட்ச். புதுசா வந்திருக்கு.”

“அப்ப மணி பாக்கணும்னா?”

“சுவத்துல கடிகாரம் சும்மாதானே தொங்குது. அதைப் பாரு.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அதிகம் பேசமாட்டாள். யார் வந்தாலும் திரைக்குப் பின்னால் நின்று பதில் சொல்லும் கூச்சக்காரி. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் மாஸ்டர் மோசம் போனார்.

மாஸ்டர் என்றால் தையல் மாஸ்டர். முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் குடும்பம். கடையில் ஒரு பெடல் மிஷின், துணி வெட்டும் மேசை, கண்ணாடிக் கதவை ஒட்டி ஆள் உயரப் பொம்மை ஒன்று. தெருவில் யாருக்குத் தைத்தாலும் முதலில் உடுத்திப் பார்ப்பது அதுதான் என்பதால் அதற்கு மகாராணி என்று பெயர். மூடிப்போன துணிக்கடையிலிருந்து வந்தவள். வரைந்திருந்த கண்கள் அழிந்துவிட்டன. வலது கையில் சுண்டுவிரல் இல்லை. உதட்டுச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. கண் இல்லாத முகத்தில் சிரிப்பு மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று மாஸ்டர் அதுவரை யோசித்ததில்லை.

ரகசியம் காப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது மாஸ்டரின் பெருமை. தெருப் பெண்களின் அளவெல்லாம் அவர் நோட்டில் இருந்தது. நோட்டு இழுப்பறையில், இழுப்பறைச் சாவி அவர் இடுப்பில். “மருந்துக்கடைக்காரர் வீட்டம்மாவுக்கு இடுப்பு என்ன மாஸ்டர், சும்மா சொல்லுங்க,” என்று டீச்சரம்மா எத்தனையோ தரம் நூல் விட்டுப் பார்த்திருக்கிறாள். “சொல்றேன் டீச்சர். உங்க இடுப்பை அவங்களுக்குச் சொன்ன கையோட சொல்றேன்,” என்று அந்த நூலை அங்கேயே அறுத்துவிடுவார்.

ஊரார் உடம்பு ரகசியத்தையே விடாதவர், தன் உடம்பு ரகசியத்தை விடுவாரா?

விஷயம் இதுதான். போன வாரம் கத்தரி கையில் இருக்கும்போதே கடை ஒரு சுற்று சுற்றி நின்றது. வீட்டில் மூச்சு விடாமல் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“முப்பது நாள் இந்தப் பட்டையைக் கட்டிக்குங்க. எத்தனை அடி நடக்கறீங்க, எங்க போறீங்க, நெஞ்சு எப்படி அடிக்குது, எல்லாம் எனக்கு வந்து சேரும். தினம் ஏழாயிரம் அடி நடக்கணும். பேக்கரியை மறந்துடணும். நான் தர்ற மாத்திரையை விடாம போடணும். ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவேன்.”

நர்ஸ் அவர் போனை வாங்கி எதையோ ஏற்றினாள். “வீட்டுல ஒருத்தர் பேரைச் சேர்த்துக்கட்டுமா?”

“வேண்டாம்மா. கைக்குழந்தைக்காரி. பயந்துடுவா,” என்றார் மாஸ்டர். தெரிந்தால் பேக்கரிக்கு முழுக்குப் போடவைத்துவிடுவாள் என்பதை மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

“அப்ப ரகசியமா நாலு எண் போடுங்க. அது தெரிஞ்சவங்களுக்குத்தான் உங்க பக்கம் திறக்கும். அதுல ஏதாவது எழுதினா, உங்க போன்ல ஒரு குரல் அதைப் படிச்சுச் சொல்லும்.”

செத்தாலும் மறக்காத நாலு எண் ஒன்று மாஸ்டரிடம் இருந்தது. நர்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டார்.

முதல் நாள் நிஜமாகவே நடந்தார். தெருமுனை வரை. சரியாக பேக்கரி வாசலில் முட்டி வலித்தது. உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்துக்கு வெண்ணெய் பன் வந்தது.

மறுநாள் மிஷினில் உட்கார்ந்து மிதிக்கும்போது குனிந்து பார்த்தார். பெடல் போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. இதற்குப் பெயர் நடை இல்லாமல் வேறென்ன? பட்டையைக் கழற்றிப் பெடலில் கட்டினார். சாயங்காலத்துக்குள் போன் பேசியது. பெண் குரல். வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு விடாத குரல்.

“இன்று பதினோராயிரம் அடி நடந்தீர்கள். மிக நன்று.”

நாற்காலியை விட்டு எழாமல் பதினோராயிரம் அடி நடந்த முதல் மனிதர் என்ற சந்தோஷத்தில் மாஸ்டருக்குப் பன் ஞாபகம் வந்தது. ஆனால் பட்டை போன இடமெல்லாம் எழுதுமே. கழற்றி மகாராணியின் கையில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது போன் சொன்னது:

“நாடித்துடிப்பு அறுபத்தெட்டு.”

செருப்பு காலிலேயே நின்றது. திரும்பி வந்து பட்டையைப் பார்த்தார். அடியில் ஒரு பச்சை வெளிச்சம் மினுக் மினுக்கென்றது. அறுபத்தெட்டு எழுபது ஆனது. எழுபது எழுபத்தொன்று ஆனது, யாரோ கிட்டே வந்ததற்கு நெஞ்சு படபடத்த மாதிரி. மாஸ்டர் மகாராணியின் மார்பில் மெல்லக் காதை வைத்தார்.

“என்னங்க பண்றீங்க?” திரையை விலக்கிக்கொண்டு அவள் நின்றாள், இடுப்பில் குழந்தை.

“அளவு எடுக்கறேன்.”

“காதாலயா?”

“புது முறை.”

“வாட்ச் மாதிரி,” என்றாள் அவள். திரை மூடிக்கொண்டது.

அன்று பன் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாவது பன்தான் இறங்கியது.

ஐந்தாம் நாள் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்போது போன் தானாகப் பேசியது. “பதினோராயிரம் அடி நடக்கிறீர்கள். செருப்பு ஏன் தேயவில்லை?”

மாஸ்டர் காலைத் தூக்கிச் செருப்பைப் பார்த்தார். கடையில் வாங்கிய நாளில் இருந்தபடியே வரி வரியாக இருந்தது. இது கிளினிக்குக்கு எப்படித் தெரியும்?

எட்டாம் நாள், பட்டை மகாராணி கையில் இருந்தது. பேக்கரியில் முதல் கடி கடித்தார். சட்டைப் பையிலிருந்து குரல் வந்தது. “உங்கள் கை சில்லென்று இருக்கிறது. சுண்டுவிரல் எங்கே?”

மாஸ்டர் தன் விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன. ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணியதைப் பார்த்து பேக்கரிக்காரர், “என்ன மாஸ்டர், விரலையும் சேர்த்துக் கடிச்சுட்டீங்களா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு பட்டையை மாட்டும்போது மகாராணியின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. அளவு நாடாவைத் தோளில் போட்டால்கூட யாரோ கை வைத்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் டாக்டரின் செய்தி வந்தது. “நல்ல முன்னேற்றம். ஆபரேஷன் தேவைப்படாது. மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம்.” மாஸ்டர் குறைத்தார். மறுநாளே கடை மறுபடியும் சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் அதே மூச்சில்லாத குரலில் சொன்னது:

“மாத்திரை குறைந்தது எனக்கு. தலை சுற்றுவது உங்களுக்கு.”

‘எனக்கு’ என்று சொன்னது யார்?

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. கடையில் கிணற்றுக்குள் இருப்பது போன்ற வெளிச்சம். மாஸ்டர் மிஷினை நிறுத்தினார். பெடல் நின்ற பிறகும் எங்கோ தடக் தடக் என்று கேட்டது. அது தன் நெஞ்சு என்று புரியக் கொஞ்ச நேரமானது. மேசை மேல் போன் வெளிச்சம் விட்டது.

“நீங்கள் உட்காருங்கள். இன்றைக்கு நான் போய் நடந்துவிட்டு வருகிறேன்.”

மாஸ்டர் தலையைத் திருப்பினார். எப்போதும் தெருவைப் பார்த்து நிற்கும் மகாராணி அவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கண் இல்லை. சிரிப்பு இருந்தது.

திரையை விலக்க நேரமில்லை. திரையோடுதான் உள்ளே விழுந்தார்.

அவள் தொட்டில் பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தலையில் சுற்றிய திரையை எடுக்காமலேயே எல்லாவற்றையும் கொட்டினார். மயக்கம், டாக்டர், பட்டை, பெடல், பன், மகாராணி. பன் எண்ணிக்கையில் மட்டும் இரண்டைக் குறைத்தார்.

“இருபத்திரண்டு,” என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“என்னது?”

“பன்னு. நீங்க இருபதுன்னீங்க. பேக்கரிக்காரர் இருபத்திரண்டுன்னார்.”

மாஸ்டர் திரையை மெல்ல எடுத்தார்.

“உங்க சட்டையைத் துவைக்கறப்போ பையில கிளினிக் சீட்டு இருந்துது. அதுல இருந்தபடி என் போன்ல திறந்து பாத்தேன். நாலு எண் கேட்டுச்சு. உங்க பிறந்த நாளைப் போட்டேன், இல்லை. பாப்பா பிறந்த நாளைப் போட்டேன், அதுவும் இல்லை. இன்னொரு தடவை தப்பாப் போட்டா பூட்டிக்கும்னுச்சு. உக்காந்து யோசிச்சேன்.”

“அது யாருக்கும் தெரியாத எண்ணாச்சே.”

“முப்பத்திரண்டு, இருபத்தாறு,” என்றாள் அவள். காது சிவந்தது. “கல்யாணத்துக்கு முன்னாடி உங்க கடைக்கு முத முதல்ல ஜாக்கெட் தைக்க வந்தேனே. அப்ப நீங்க நோட்டுல எழுதின அளவு. அதை எழுதிட்டு நோட்டை மூடவே இல்லை நீங்க. நான் பாத்தேன்.”

மாஸ்டர் இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இப்ப முப்பத்தாறு, முப்பத்திரண்டு. ரகசிய எண்ணை மாத்துங்க.”

“அப்ப அந்தக் குரல்?”

“நேரா கேக்கக் கூச்சமா இருந்துது. அதான் எழுதிப் போட்டேன். அது படிச்சுச் சொல்லிடுச்சு.”

“பொம்மைக்கு நாடி அடிச்சுதே?”

“நர்ஸம்மாவுக்கும் தனியா எழுதிக் கேட்டேன். அந்தப் பச்சை வெளிச்சத்தைத் தலையணையில கட்டினாலும் துடிப்புன்னு ஏதாவது ஒரு எண் காட்டுமாம். மகாராணியைக் காலையில கூட்டறப்போ நான்தான் திருப்பி வெச்சேன்.” ஊசி நின்றது. “ஏங்க, டாக்டர் ஆபரேஷன் வேண்டாம்னு எழுதினது அந்தப் பொம்மைக்கு. நீங்க மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதைத் திரை ஓரமாப் பாத்தேன். அன்னிக்கு விழுந்திருந்தா, இந்தக் குழந்தையும் நானும் யார் முகத்தைப் பாத்துக்கிட்டு இருப்போம்? மகாராணி முகத்தையா?”

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் மாஸ்டர் ஏதாவது எதிர்த்துச் சொல்லியிருப்பார்.

“மாத்திரை பழையபடி முழுசு. முப்பது நாளும் முதல்லேருந்து. நேத்தே டாக்டருக்கு எல்லாம் எழுதிட்டேன், அவர் சொல்லிட்டார். வீட்டுல ஒருத்தர்னு என் பேரையும் சேத்தாச்சு. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நடங்க. நின்னா அழுவா. அவளைப் பெடல்ல கட்ட முடியாது.”

மாஸ்டர் குழந்தையை வாங்கிக்கொண்டார். பயம் தெளிந்ததும் சிரிப்பு வந்தது. “எல்லாம் சரி. கடைசியா ஒண்ணு எழுதினே பாரு, நான் போய் நடந்துட்டு வர்றேன்னு. அதுலதான் உயிர் போயிடுச்சு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் மூணுதாங்க எழுதினேன். செருப்பு, சுண்டுவிரல், மாத்திரை.”

“நாலாவது?”

அவள் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். சிரித்தாளா, நூலைக் கடித்தாளா, மாஸ்டருக்குத் தெரியவில்லை. “நீங்க நடந்துட்டு வாங்க. சொல்றேன்.”

அன்று அவர் நடந்தது எட்டாயிரம் அடி. திரும்பி வந்து கேட்டார். பால் பொங்கியது, அவள் ஓடிவிட்டாள். மறுநாள் நடந்துவிட்டு வந்து கேட்டார். குழந்தை அழுதது. அதற்கு மறுநாள் ஊசி தொலைந்தது. அளவு கேட்டு வந்த எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பியனுப்பிய மாஸ்டர், ஒரே ஒரு பதிலுக்காகப் பத்தொன்பது நாள் தெருத்தெருவாக நடந்தார். கடையில் தனியாக இருக்க நேர்ந்தால் இன்னும் இரண்டு தெரு அதிகமாக நடந்தார்.

இருபதாம் நாள் குறுக்கே நின்றுகொண்டார். “இன்னிக்குச் சொல்லாம விடமாட்டேன்.”

“சரி, உக்காருங்க,” என்றாள் அவள். கையில் டீச்சரம்மாவின் அடுத்த ஜாக்கெட். “அன்னிக்கு மழையில நான் இங்கதான் கொக்கி தைச்சுக்கிட்டு இருந்தேன். போன் அலமாரி மேல இருந்துது. நான் தொடவே இல்லை. அப்போ கடைப் பக்கம் காலடிச் சத்தம் மாதிரி கேட்டுது. நீங்கதான்னு நெனச்சேன். ஆனா உங்க காலு மிஷின்ல இருக்கு. யாருடா இதுன்னு திரை ஓரமா எட்டிப் பாத்தா, அங்க…”

“மாஸ்டர் வீட்டம்மா, ஜாக்கெட் ஆச்சா? கொஞ்சம் வாயேன்,” என்று கடையிலிருந்து டீச்சரம்மா கூப்பிட்டாள்.

அவள் ஊசியைத் தோள் துணியில் குத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மாஸ்டர் பட்டையைக் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வாசலில் விட்ட செருப்பைத் தேடினார். அது மகாராணியின் காலடியில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நன்றாகத் தேய்ந்திருந்தது.