பத்தைவிட ஒன்பது பெரிது

தற்பெருமையோடு செய்கிற வேலைக்கு மட்டும் பேக்கப் எடுக்கத் தோன்றாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. (காப்புரிமையெல்லாம் கேட்க மாட்டேன்.)

கவிதாவைப் பெண் பார்த்து, இரு வீட்டுக்கும் பிடித்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் மட்டும் குறிக்காமல் இருந்த நேரம். அவள் அப்பாவுக்கு மந்தாரக்குப்பத்தில் இனிப்புக் கடை. பக்கத்துச் சுரங்க நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களின் தீபாவளி ஆர்டர்கள் எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தன. "புது சாஃப்ட்வேரை நானே போட்டுத் தர்றேன் மாமா" என்று வலியப் போய்ச் சொன்னேன்.

அதற்கென்று ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதியிருந்தேன். ஆர்டர்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சர்வர் எந்த வெர்ஷன் என்று அது முதலில் பார்க்கும். ஒன்பதுக்குக் கீழே இருந்தால் பழையதைத் துடைத்துவிட்டு ஒன்பதைப் போடும். கடையில் இருந்தது பத்து. ஆனால் மகாபுத்திசாலியான நான், எண்களை எழுத்துகளைப் போல ஒப்பிடச் சொல்லியிருந்தேன். அது பத்தின் முதல் இலக்கமான ஒன்றைப் பார்த்தது, ஒன்பதோடு ஒப்பிட்டது, 'பழைய சர்வர்' என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. நானும், "எவ்ளோ பழசை வெச்சிருக்கீங்க பாருங்க மாமா" என்று அலட்டிக்கொண்டேன்.

சர்வரோடு ஆர்டர்களும் போயின.

"என்னா தம்பி, திரையையே பார்த்துகினு இருக்கீங்க?"

"ஆர்டர் எல்லாம் அழிஞ்சிடுச்சு மாமா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தீபாவளி வந்துடுச்சுங்களே" என்று மட்டும் சொல்லி, ஸ்கூட்டர் சாவியை நீட்டினார்.

கல்யாணம் கைநழுவுவதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். யார் ஆர்டர் கொடுத்தார்கள் என்று தெரியாததால், மறுபடி கேட்டு எழுத நகரியத்தில் பிளாக் பிளாக்காகப் போய் எல்லாக் கதவையும் தட்டினேன். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கியவர்களை எழுப்பித் திட்டு வாங்கினேன். ஆர்டரே கொடுக்காத ஓர் அம்மா பரிதாபப்பட்டு, "சரி, எனக்கும் ரெண்டு கிலோ மைசூர்பாகு எழுதிக்கப்பா" என்றார். அவரைப் போலப் பலர்.

நடுவில் கவிதாவுக்குப் போன் செய்து, "அப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"சிரிச்சிகினே இருக்காரு. அதாங்க பயமா இருக்குது."

கடைசியில், அழிந்துபோன ஆர்டரைவிடப் புதிதாக வந்த ஆர்டர் அதிகம். தீபாவளி முடிந்ததும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். பெண் வீட்டிலிருந்து பதினொரு வரிசைத் தட்டு என்று பேச்சு. ஒன்பதுதான் வந்தது. என் அம்மாவின் முகம் மாறியது.

மாமா கைகூப்பினார். "உங்க பிள்ளை கணக்குல பதினொன்னைவிட ஒன்பதுதாங்க பெருசு, சம்மந்தியம்மா."

கதை தெரிந்து சபையே சிரித்து ஓய்ந்த பிறகுதான், வேனில் ஒளித்து வைத்திருந்த மீதி இரண்டு தட்டும் உள்ளே வந்தன. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும், அம்மா காபிக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் கொடுக்கிறாள்.